முளை இல்லாமல் நின்ற கூடாரம்

1

இன்று காலை கூடாரத்தைக் கொடியில் காயப் போட்டிருந்தேன். நான் இருக்கும் இந்த நியூசிலாந்து ஊரில் மாசி மாதம் என்பது கோடையின் வால். கொஞ்சம் வெயில், நடுவில் ஒரு தூறல், மறுபடி வெயில். சாயல்குடிப் பக்கம் பிறந்தவளுக்கு இது வெயிலிலும் சேர்த்தி இல்லை, மழையிலும் சேர்த்தி இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, கேம்பிங் போகிறாயா என்று கேட்டார். போன வருடம் போனேன் என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. என் இங்கிலீஷ் அப்படித்தான். பதினெட்டு வருடமாகக் கிவிப்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் நிற்கிறேன். பழத்தைத் தொட்டால் அது என்ன சொல்கிறதென்று தெரியும். மனிதர் பேசினால் பாதிதான் தெரியும்.

அந்த நேரத்தில்தான் போனில் குரல் செய்தி வந்தது. நித்யா. என் சித்தப்பா மகன் துரைப்பாண்டியின் மூத்த பெண். ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிறாள்.

"அத்தை, அந்தக் கூடாரத்த இன்னும் வச்சிருக்கீகளா? எனக்கு வேணும்."

அவ்வளவுதான் செய்தி. நான் கூடாரத்தின் தையல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே மட்டும் ஈரம் இருந்தது. ஈரம் போகும்வரை யோசிக்கலாம் என்று படியில் உட்கார்ந்தேன்.

எங்கள் பங்காளிகளுக்கு இந்தக் கூடாரத்தைத் தெரியும். பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்து வாயடைத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழி வாங்கிய கதையை வாங்கியவள் வாயால் கேட்டுவிட வேண்டும். மற்றவர் சொன்னால் உப்புக் குறையும்.

2

முதலில் கூடாரம் வந்த கதை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மகளின் பள்ளியில் காட்டுக்குள் மூன்று நாள் தங்கக் கூட்டிப் போனார்கள். வேண்டிய சாமான்கள் என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. அதில் கூடாரமும் ஒன்று. கடைக்குப் போய், இரண்டு பேருக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன், அரிசி கேட்கிற மாதிரி. கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பையை என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். ஒரு கோழி கனம்தான் இருந்தது. இதற்குள்ளா இரண்டு பேர் படுப்பார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் புல்லில் வைத்து மகள்தான் பிரித்தாள். உள்கூடு ஒரு வலைத்துணி. இரண்டு கம்பிகள், துண்டு துண்டாக மடங்கும், உள்ளே ஒரு ரப்பர் கயிறு ஓடும். இரண்டையும் குறுக்காகப் போட்டு வளைத்து நான்கு மூலையிலும் செருகினால் கவிழ்த்த கூடை மாதிரி எழுந்து நிற்கும். அதன்மேல் மழைத்துணி. கடைசியில் பத்து முளைகள், நம் ஊரில் ஆட்டைக் கட்ட அடிப்போமே அது மாதிரிதான், ஆனால் விரல் கனம்.

நான் அவசரப்பட்டுக் கம்பியை மறுமுனையிலிருந்து பிடித்து இழுத்தேன். துண்டுகள் துணி உறைக்குள்ளேயே கழன்றுகொண்டன. மகள் இங்கிலீஷில் அலுத்துக்கொண்டாள். தள்ள வேண்டுமாம், இழுக்கக் கூடாதாம். அவள் பத்து வயதுவரை என்னோடு தமிழில் பேசியவள். இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். இவளையும் இழுக்கக் கூடாது போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். தள்ளவும் மனம் வரவில்லை.

அந்த மூன்று நாளோடு சரி. பிறகு அவள் தோழிகளோடு போக ஆரம்பித்தாள், அவர்களிடம் பெரிய கூடாரம் இருந்தது. இது கராஜில் அலமாரிமேல் ஏறிவிட்டது. நான் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து உதறி வைப்பேன். கடையில் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்: பையிலேயே இறுக்கி வைக்காதே, துணி மூச்சு விட வேண்டும், ஒரே மடிப்பில் மடிக்காதே, மடிப்பில் விரிசல் விடும், மெஷினில் போடாதே, எல்லாவற்றுக்கும் மேலே, ஈரத்தோடு மடிக்காதே, இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

நன்றாகக் காயவைத்து மடித்தால் வருடக்கணக்கில் கெடாது. வன்மத்தையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

3

எங்கள் குலசாமி கோயில் சாயல்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து பனங்காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சிவராத்திரியை ஒட்டி அங்கே மாசிக் களரி என்னும் திருவிழா. பதினொரு வீட்டுப் பங்காளிகளும் கூடுவோம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது வேனும் காரும். ஒவ்வொரு வீட்டுக்கும் கோயிலைச் சுற்றி ஒரு இடம் உண்டு. அந்த இடத்துக்குப் பெயர் நிழல். அங்கே ஒரு பந்தல்கால் நட்டு, துணியோ கீற்றோ கட்டி, கீழே மூன்று கல் கூட்டி, பானை வைத்துப் பொங்க வேண்டும்.

"கால் நட்டவனுக்கு நிழல்" என்பது எங்கள் கோயிலில் எல்லா வாயிலும் இருக்கிற சொல். நட்டவனுக்கு. நட்டவளுக்கு இல்லை. கடப்பாரை ஆம்பளை கையில்தான் இருக்க வேண்டும். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்றால் தம்பி மகனைக் கூப்பிட்டு நடச் சொல்வார்கள். கூப்பிட்டால் கதை முடிந்தது. இரண்டு களரி கழிந்தால் இடம் அவனுடையதாகிவிடும்.

எங்கள் அய்யாவுக்கு நான் ஒரே பெண். அவர் யாரையும் கூப்பிடவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் மூச்சு வாங்க வாங்கத் தானே குழி தோண்டினார். பக்கத்து நிழலில் துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பான். அவனை நான் இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறேன். அவன் பொரிவிளங்காய் கேட்டு அழுதால் என் பங்கைப் பிட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். சொல்லத்தான் செய்வேன்.

உலகம் முழுக்க நோய் பரவி, இந்த நாடு வாசலை அடைத்துப் போட்டிருந்த சமயத்தில் அய்யா போய்விட்டார். போனால் திரும்பி வர முடியாது, வந்தால் வேலை இருக்காது. படம் பார்க்கிற மாதிரி போனில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன்.

அடுத்த மாசியில் அம்மா தனியாகப் பானையும் அரிசியும் எடுத்துக்கொண்டு ஷேர் வேனில் களரிக்குப் போயிருக்கிறாள். எங்கள் இடத்தில் துரையின் கார் நின்றிருக்கிறது. அம்மா கேட்டதற்கு அவன் மரியாதையாகத்தான் சொன்னானாம். கால் நட ஆளில்லாத இடம், சும்மா எத்தனை நாளைக்குக் கிடக்கும், நீங்க எங்க நிழலில் வந்து உட்காருங்க பெரியம்மா என்று. சொந்த இடத்துக்குப் பக்கத்தில் விருந்தாளியாக உட்காரச் சொல்லியிருக்கிறான்.

அம்மா உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ஒற்றைப் பனை. அதன் அடியில் போய் உட்கார்ந்தாள். பனை நிழலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் அகலம்கூட இருக்காது, நின்ற இடத்தில் நிற்காது.

"அந்த நெழலு நகர நகர நானும் பானையத் தூக்கிக்கிட்டு நகந்தேன். சாயங்காலத்துக்குள்ள மரத்தச் சுத்தி வந்துட்டேன் ராக்கு" என்று போனில் சிரித்தாள்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொட்டகையில் எனக்கு முன்னால் பட்டையில் பழம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் கழிக்க வேண்டிய பழத்தையெல்லாம் நல்ல பழத்தோடு விட்டுவிட்டேன் என்று மேற்பார்வையாளர் வந்து கத்தினார்.

துரைக்குப் போன் போட்டேன். அவன் என்னிடம் சுற்றி வளைக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஏதுக்கா நெழலு? நீ வாக்கப்பட்ட வீட்டுச் சாமியப் போயிக் கும்பிடு" என்றான்.

என் வீட்டுக்காரருக்குக் கமுதிப் பக்கம் குலசாமி. அங்கேயும் கும்பிடத்தான் செய்கிறேன். ஆனால் என் அம்மா பனையைச் சுற்றியது அங்கே இல்லை.

பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்று ஒரு சொலவடை உண்டு. நான் பதம் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க வருடங்கள் ஓடின.

4

பதம் ஒரு மழை நாளில் வந்தது.

மகளும் அவள் தோழியும் எங்கேயோ போவதாக இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. சும்மா விளையாட்டுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கம்பளத்தின் மேலேயே இந்தக் கூடாரத்தைப் போட்டு உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். கூடத்தில் எங்கே முளை அடித்திருப்பார்கள்? குனிந்து நான்கு மூலையையும் தடவினேன்.

முளை அடிக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், இது தானாகவே நிற்கும் என்றாள் மகள்.

தானாகவே நிற்கும். எதையும் நடாமல்.

நான் ஈரச் செருப்போடு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு பெண்களும் பயந்துவிட்டார்கள். என்னவென்று மகள் கேட்டாள். கால், நிழல், பங்காளி, பனை எல்லாவற்றையும் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்றேன். அந்தத் தோழி போனபிறகு அவளுக்குத் தமிழில் முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, அது வெறும் வெயில்தானே, குடை கொண்டு போயிருக்கலாமே என்றாள்.

போன வருட மாசிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். மகளையும் கூப்பிட்டேன். பரீட்சை என்றாள். பரீட்சை உண்மைதான். ஆனாலும் தேதியை இரண்டு தடவை பார்த்தேன்.

பத்து முளைகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கையில் இருந்தால் அடித்துவிடுவேனோ என்ற பயம். சட்டத்துக்குள் நின்றுதான் அவனை அடிக்க வேண்டும்.

5

களரியின் முதல் நாள். துரை தன் காலை நட்டு முடித்து, பச்சைத் தார்ப்பாயில் பெரிய பந்தல் போட்டிருந்தான். இருபது பேர் உட்காரலாம். இந்த வருடம் காரைக் கொஞ்சம் தள்ளி, கிணற்றுச் சரிவில் நிறுத்தியிருந்தான். எங்கள் இடம் அவன் சாமான் வைக்கும் இடமாகியிருந்தது. நான் அவன் அண்டாவை நகர்த்தி வைத்துவிட்டு, முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் கூட்டித் தள்ளிவிட்டு, பையைத் திறந்தேன்.

கம்பியை உதறியதும் தானாகச் சேர்ந்துகொண்டு நீளமானது. இழுக்காமல் தள்ளினேன். வளைத்துச் செருகினேன். நீங்கள் ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான். ஆரஞ்சு நிறத்தில் கூடாரம் எழுந்து நின்றது.

துரை கடப்பாரையோடு வந்தான். சுற்றி நாலைந்து பங்காளிகள்.

"என்னக்கா இது?"

"நெழலுடா."

"கால் நட ஆம்பள எங்க? மச்சான் வரலையா?"

"நான் எங்கடா கால் நட்டேன்? குனிஞ்சு பாரு. தரையில ஒரு ஊசி குத்தியிருந்தாச் சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். கோயில் மூத்தவரும் வந்து, நான்கு மூலையிலும் தன் கைத்தடியை விட்டுத் துழாவிப் பார்த்தார். நடவில்லைதான் என்றார். நட்டவனுக்கு நிழல் என்றால், நடாத நிழலைப் பற்றி நம் பெரியவர்கள் எதுவும் சொல்லவில்லையே என்று தாடையைச் சொறிந்தார். வல்லவளுக்குக் கூடாரமும் ஆயுதம் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு என் பக்கம் இருந்தது.

அந்தச் சிரிப்பு பகல் பன்னிரண்டு மணிவரைதான்.

மதியம் எங்கள் பக்கம் கடல் காற்று ஏறும். எனக்குத் தெரியாததா? ஆனால் பழி ஏறிய மண்டையில் காற்று ஏறவில்லை. முளை இல்லாத கூடாரம், அதுவும் கோழி கனம், அதற்குள் ஒரு ஆளும் இல்லை. அம்மா உள்ளே வரமாட்டேன் என்று பனையடியிலேயே உட்கார்ந்திருந்தாள். காற்று ஒரு பக்கம் புகுந்து தூக்கியதும், கூடாரம் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, என் பையையும் சுமந்துகொண்டு, கோயில் வாசலைத் தாண்டி உருண்டது. நான் பின்னால் ஓடினேன். நாற்பத்தேழு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடினேன். பதினொரு வீடும் பார்த்தது.

"அக்கா, ஒங்க நெழலு நியூசிலாந்துக்கே கெளம்பிருச்சு. சீக்கிரம் புடிங்க, விசா இல்லாமப் போகுது" என்று துரை கத்தினான்.

கருவேல முள்ளில் போய்ச் சிக்கி நின்றது. அடித்துணியில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். முகத்தில் சூடு. திரும்பும்போதுதான் துரையின் காரைத் தாண்டி வந்தேன். சரிவில் கார் உருளாமல் இருக்க டயருக்கு அண்டை கொடுத்திருந்தான். மூன்று டயருக்குக் கருங்கல், நாலாவதற்கு ஒரு செங்கல்.

எங்கள் பூமியில் மணலும் களியும்தான், கல் கிடையாது. அந்த மூன்று கருங்கல்லும் அய்யா மதுரைப் பக்கம் ஒரு மலையடிவாரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. ஒரு பக்கம் முப்பது வருடப் புகைக்கரி. எங்கள் அடுப்புக்கல்.

ஒவ்வொன்றாக உருவினேன். கார் அசையவில்லை. அசைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், அதை மறைக்க மாட்டேன்.

கூடாரத்தைப் பழைய இடத்திலேயே வைத்து, மூன்று மூலையில் மூன்று கல்லை உள்ளே வைத்தேன். நாலாவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. பையில் மணலை அள்ளிக் கட்டி வைத்திருக்கலாமே என்று பிறகு என் மகள் கேட்டாள். அன்றைக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருப்பவளுக்குக் காலடி மண் கண்ணில் படாது.

துரை வந்து நின்றான். அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை. கல்லைத் தொட்டது அவனைச் சுட்டுவிட்டது போல.

"பெரியப்பா எத்தன களரி தானே குழி வெட்டுனாரு. நான் பக்கத்துலதான நின்னேன். ஒரு தடவையாச்சும், ஏலே தொரை, ஒரு கை போடுன்னு கூப்பிட்டாரா? நான் என்ன வேத்தாளா?"

அது உண்மை. அய்யா கூப்பிடவில்லை. அவன் குரல் உடைந்ததும் உண்மை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அம்மா பனையடியில் பானையோடு உட்கார்ந்திருப்பது என் கண்ணில் பட்டது.

"ஏலே, பொம்பளப் புள்ளைக்கு நெழலு இல்லன்னு நீதான சொன்ன. எல்லாரும் இருக்காக, இப்பவும் சொல்லு."

"ஆமா, சொன்னேன். அதுதான் வழக்கம்."

"சரி. ஒனக்கும் ரெண்டும் பொண்ணு. நீ விழுந்த அன்னைக்கு ஒன் அடுப்புக்கல்ல எவன் கார் டயருக்கு வைக்கப் போறான்?"

பதினொரு வீடும் அவனையே பார்த்தது. அவன் கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தான். அந்த நிமிடத்துக்காகத்தான் அத்தனை வருடம் காயவைத்து மடித்திருந்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், கருப்பட்டி மாதிரி இனித்தது.

அப்போது அவன் பந்தலிலிருந்து அவன் மனைவி பூமயில் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை. நேராக வந்து, குனிந்து கூடாரத்துக்குள் நுழைந்து, படபடத்துக்கொண்டிருந்த நாலாவது மூலையில் உட்கார்ந்தாள். கூடாரம் அமர்ந்தது.

"ஒங்களுக்காக ஒண்ணும் வரல மதினி. வெயிலா இருக்கு" என்றாள்.

அவள் பந்தலில் வெயில் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் குரலைத் தணித்து இன்னொன்று சொன்னாள். "நீங்க கேட்டது சரிதான். ஆனா எம்புள்ளைக முன்னால கேட்டுருக்க வேணாம்."

வெளியே பார்த்தேன். நித்யாவும் அவள் தங்கையும் பந்தல் ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பட்டியின் அடியில் கொஞ்சம் மணல் நறநறத்தது.

அந்த நேரம் அம்மா பானையோடு எழுந்து வந்தாள். கூடாரத்துக்குள் தலையை விட்டு, மூன்று கல்லையும் பார்த்தாள்.

"ஒங்கய்யா இதுகள ஒன் துணியக் காத்துக்கு அமுக்கவா மடியில சொமந்தாரு? வெளிய எடு. பானை வைக்கணும்."

கல்லை எடுத்தால் கூடாரம் பறக்கும். வைத்தால் பொங்கல் இல்லை. அம்மாவிடம் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நித்யா தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மூலையில் அவள், ஒரு மூலையில் தங்கை, ஒரு மூலையில் அவர்கள் அம்மா, ஒரு மூலையில் நான். நான்கு மூலைக்கு நான்கு பேர். கல் மூன்றும் வெளியே போனது. அம்மா அய்யாவின் இடத்தில் அடுப்புக் கூட்டினாள்.

காற்று முட்டியது, கூடாரம் அசையவில்லை. வலைத்துணி வழியாக எனக்கு எதிரே தெரிந்தது துரையின் பச்சைப் பந்தல். இருபது பேர் நிழல். அதற்குக் கீழே அவன் ஒருத்தன், கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். பானை பொங்கி அம்மா குலவை போட்டபோதும் அப்படியே நின்றான்.

சாயங்காலம் கோயில் மூத்தவர் தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார். கல் கிடக்கிற இடத்தில் கல் கிடக்கட்டும், அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று. கால் நடுவதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

6

திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் ஒரு அட்டை நிரப்ப வேண்டும். வெளியில் தங்கப் பயன்படுத்திய சாமான், கூடாரம், மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். மறைத்தால் அபராதம். ஆம் என்று குறித்தேன். எதற்காகப் பயன்படுத்தினாய் என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். பொழுதுபோக்கா, வேலையா? பழிவாங்கல் என்பதற்கு அவர்கள் தாளில் கட்டம் இல்லை. பொழுதுபோக்கு என்றேன்.

கையுறை போட்டுக்கொண்டு, கூடாரத்தை ஒரு வெள்ளை மேசையில் விரித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். மூலை மடிப்பில் கொஞ்சம் மணல், இரண்டு புல் விதை, கிழிசலில் ஒடிந்து நின்ற கருவேல முள். அந்த முள்ளைச் சின்னக் குறட்டால் எடுத்து ஒரு பையில் போட்டாள். அதை மட்டும் கொடுப்பாயா என்று கேட்டேன். முடியாது என்று தன்மையாகச் சொன்னாள். அவள் வேலையை அவள் சரியாகத்தான் செய்தாள். கழுவித் துடைத்து ஒரு மணி நேரத்தில் கொடுத்தார்கள். அய்யாவின் இடத்து மண் ஒரு துளி இல்லாமல், ஈரத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காயப் போட்டேன். கிழிசலுக்கு ஒட்டுத்துணி வாங்கி, துடைத்து, உள்ளும் புறமும் ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விட்டேன். ஜிப்பில் மாட்டிய நுண்மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுத்தேன். இழுத்தால் பல் போய்விடும். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். களரியில் நடந்ததை எல்லாம் சொன்னேன். துரை மாமா தனியாகவா நின்றார் என்று கேட்டாள், தமிழில். ஆமாம் என்றேன். பாவம் என்றாள். அதையும் தமிழில்தான் சொன்னாள். எனக்கு எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை.

7

தையல் ஓரமும் இப்போது காய்ந்துவிட்டது.

நித்யாவுக்குப் போன் போட்டு என்ன விஷயம் என்று கேட்டேன். இந்த வருடம் தன் அய்யா, கால் நட அவளுடைய இன்னொரு அத்தையின் மகன் ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறார் என்றாள். துரைக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம், கடப்பாரை தூக்க முடியவில்லையாம். நான் நடுறேன் அய்யா என்று இவள் சொன்னதற்கு, பொம்பளப் புள்ள சும்மா இரு என்றாராம். அந்த அத்தை மகன் பங்காளிகூட இல்லை. போன வருடம் நான் கேட்ட கேள்விக்கு அவன் கண்டுபிடித்த பதில் இது. பொண்ணைவிட வேற்றாள் மேல்.

நித்யாவிடம் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பூமயிலுக்குப் போட்டேன். ஒரு பிள்ளையை அவள் தகப்பனுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துகிற காரியம். அம்மாக்காரியைக் கேட்காமல் செய்யக் கூடாது. என் பழி எனக்கு. அது இன்னும் பசியோடுதான் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் மணல் நறநறத்ததும் மறக்கவில்லை.

பூமயில் போனோடு வெளியே நடந்தாள் போல. ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"போன தடவ எம்புள்ள முன்னால நீங்க கேட்டுட்டீக மதினி. இந்தத் தடவ அவளே கேக்கட்டும். அனுப்பி வைங்க."

கொட்டகையில் என்னோடு நிற்கும் பரமக்குடி அம்மா அடுத்த வாரம் ஊருக்குப் போகிறாள். அவள் பெட்டியில் ஒரு கோழி கனத்துக்கு இடம் இருக்கிறது.

உள்கூட்டை மடித்தேன், போன தடவை மடித்த கோட்டில் இல்லாமல். மழைத்துணி, கம்பி, ஒட்டுத்துணியில் மிச்சம் ஒரு துண்டு. எல்லாம் பைக்குள் போனபிறகு, சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தச் சின்ன உறையை எடுத்தேன். பத்து முளைகள். போன வருடம் ஊருக்குக் கொண்டுபோகாமல் விட்டுப்போனவை. எண்ணிப் பார்த்து உள்ளே வைத்தேன். வைத்துவிட்டு நித்யாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்.

"தாயி, கூடாரம் வருது. எங்கய்யா எடத்துல போடாத, அங்கன கல்லு கெடக்கு, அதுவே பாத்துக்கும். ஒங்கய்யா வருசா வருசம் கால் நடுற எடம் இருக்குல்ல, அங்கன போடு. அந்தப் பய கடப்பாரையோட வாரதுக்கு முன்னாலயே போட்ரு."

உடனே பதில் வந்தது. "சரி அத்தை. ஆனா போன தடவ மாதிரி நாலு மூலைக்கும் ஆளு வேணுமே?"

"வேணாம். பையில முளை இருக்கு. பத்தையும் அடி. நேரா அடிக்காத, தலை கூடாரத்துக்கு வெளிய பாக்கச் சாச்சு அடி. அப்பத்தான் எவனாலயும் புடுங்க முடியாது."